பாயில் படுத்த மெத்தைக்காரர்

மெத்தைக்காரர் வீட்டில் மெத்தை கிடையாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைத்தெருவின் நடுவில், தகரப் பட்டறைக்கும் கண்ணாடிக் கடைக்கும் இடையில், தரையிலிருந்து கூரை வரை மெத்தையாக அடுக்கி வைத்து வியாபாரம் பண்ணுகிற மனிதர், கடைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டில் பாயை விரித்துத்தான் படுப்பார். மீசை கறுகறுவென்று இருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம், மீசை பஞ்சாய் நரைத்த பிறகும் மாறவில்லை. மனைவிக்கும் பாய்தான். ஒரே மகளும் பாயில் படுத்து வளர்ந்தவள்தான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், முதல் சம்பளத்தில் வாங்கிய முதல் சாமான் என்ன தெரியுமா? மெத்தை. அதுவும் அப்பா விற்கிற கம்பெனியை விட்டுவிட்டு வேறு கம்பெனி மெத்தை. வீம்புக்கு வாங்கினாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உடனே கஞ்சன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்துத் தகரப் பட்டறைக்காரர் கையை நசுக்கிக்கொண்டபோது கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இவர்தான். விஷயம் வேறு. மனிதர் ஏஜெண்ட். கடை அவருடையது, உட்காருகிற மர நாற்காலி அவருடையது, தலைக்கு மேல் முனகிக்கொண்டே சுற்றுகிற விசிறி அவருடையது. மெத்தை மட்டும் கம்பெனியுடையது. லாரியில் வரும், இவர் விற்பார், பணம் கம்பெனிக்குப் போகும், கமிஷன் இவருக்கு வரும். விற்காதது வந்த வழியே திரும்பிவிடும். பில் கம்பெனி பெயரில். ஓரமாக ‘கம்பெனிக்காக’ என்று அச்சடித்த இடத்தில் இவர் கையெழுத்து. யாராவது பேரம் பேசினால் இரண்டு கையையும் அகல விரித்து, "என் கையில என்னங்க இருக்கு, கம்பெனி விலை" என்பார். மெத்தை ஒரு பக்கம் அமுங்கிவிட்டது என்று யாராவது முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, புகாரை வாங்கி அனுப்பிவைப்பார். அப்புறம் கம்பெனி பாடு, வாங்கினவர் பாடு.

ஏஜெண்டாகச் சேர்ந்த முதல் நாள் கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இது உங்கள் பொருள் இல்லை, உங்களிடம் ஒப்படைத்த பொருள், பிளாஸ்டிக் உறை கிழியக் கூடாது. போகிற போக்கில் சொன்ன பேச்சு. சொன்னவர் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மறந்திருப்பார். நம் ஆளுக்கோ அது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. வந்தவர்கள் அழுத்திப் பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம். இவர் உள்ளங்கையால் மட்டும் தொடுவார். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் ஏறிக் குதித்துவிட்டாள். அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, உறையை ஈரத்துணியால் துடைத்து, அன்று முழுக்க கம்பெனி ஆள் வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு இடுப்புவலி வந்தபோது, ஒரே ஒரு மெத்தை விலை கொடுத்தே வாங்கிக்கொள்வோம் என்று அந்த அம்மாள் கேட்டாள். நியாயமான பேச்சு. ஆனால் மெத்தைக்காரருக்கு அதிலும் ஒரு சிக்கல் தெரிந்தது. விற்கிறவனும் நானே, வாங்குகிறவனும் நானே என்றால் கமிஷன் யாருக்கு? எனக்கு நானே விற்றுக் கமிஷன் வாங்குவது திருட்டு இல்லையா? அந்த அம்மாளின் தம்பி ஒரு வக்கீல் ஆபீசில் ஒப்பந்தம் எழுதுகிறவன். அவனும் சமயம் தெரியாமல், மாமா சொல்வது சட்டப்படி சரிதான், ஏஜெண்ட் தன் முதலாளிக்குச் சொல்லாமல் அவர் சரக்கைத் தானே வாங்கக் கூடாது என்று ஒத்து ஊதினான். "சொல்லிட்டு வாங்கலாம்ல?" என்றாள் அக்காள். சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் படுக்கை விஷயமாக என்று கம்பெனிக்கு எப்படி எழுதுவது? மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதவே இல்லை.

"ஊருக்கெல்லாம் மெத்தை, எனக்கு மட்டும் பாய்" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கொஞ்ச நாளாகச் சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டி, இனிமேல் கம்பெனிக்கு ஏஜெண்ட் என்று யாரும் கிடையாது, எல்லாரும் டிஸ்ட்ரிபியூட்டர், நீங்கள் இனி முதலாளி என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மெத்தைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார்.

மைத்துனன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தான். பிறகு உதாரணத்துக்குக் கல்யாணத் தரகரை இழுத்தான். ஏஜெண்ட் என்பவர் தரகர் மாதிரி. கல்யாணம் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும்தான். மாப்பிள்ளை குறட்டை விட்டால் தரகரை யாரும் கேட்க மாட்டார்கள். "இப்ப நீங்கதான் மாமா மாப்பிள்ளை" என்றான். கம்பெனியிடம் காசு கொடுத்துச் சரக்கை வாங்கிவிடுகிறீர்கள், வாங்கின நிமிஷம் அது உங்களுடையது, உங்கள் பெயரில் பில் போட்டு, உங்கள் விலைக்கு விற்கிறீர்கள், வாங்குகிறவர்கள் உங்கள் ஆட்கள், கெட்டுப்போனால் முதலில் உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

"விக்கலன்னா?" என்று கேட்டார் மெத்தைக்காரர்.

"உங்க தலையில."

"மழைத்தண்ணி உள்ள வந்து நனைஞ்சா?"

"அதுவும் உங்க தலையில."

"லாபம் வந்தா?"

"அதுவும் உங்க தலையிலதான் மாமா. நல்லாக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

மைத்துனன் இன்னொன்றும் செய்தான். பையன் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன். இத்தனை வருஷம் ஏஜெண்டாக இருந்து வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுத்தவரை முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தினால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நம் ஊர்ச் சட்டத்தில் இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் ஆன பிறகு அந்தப் பேச்சு கிடையாது, ஆகவே கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள் என்றான். கேட்கக் கூசிய மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே கேட்டான். மேனேஜர் இரண்டு முறை இருமிவிட்டு, முதல் லோடில் ஒரு பங்கை அந்த ஈட்டில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். மீதிக்கு, ஒழுகுகிற வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த சேமிப்பை எடுத்துக் கொடுத்தாள் மனைவி. மெத்தை விற்றால் கூரை, விற்காவிட்டால் ஒழுகுகிற வீட்டில் வாளி. அவ்வளவுதான் கணக்கு.

லாரி வந்தது. மெத்தைகள் இறங்கின. அதே மெத்தை, அதே பிளாஸ்டிக் உறை. மெத்தைக்காரரும் அதே மெத்தைக்காரர்தான், அங்கேதான் வினையே. பேரம் பேசினவரிடம் பழையபடி கையை விரித்துக் கம்பெனி விலை என்றார். வந்தவர் திரும்பிப் போனார். தெருக்கோடியில் புதிதாகத் திறந்திருந்த பர்னிச்சர் கடைக்கு நல்ல வேட்டை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் பண்ணிக் கேட்கிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு, கொஞ்சம் விலை குறைக்கலாமா என்று மேனேஜரையே கேட்டார் இவர். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இந்த விலைக்குக் கீழே விற்காதீர்கள் என்று நான் சொல்லவே கூடாது, சொன்னால் சட்டப்படி எனக்குத்தான் வம்பு, உங்கள் சரக்கு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மெத்தைக்காரருக்கு நடுத்தெருவில் கையை விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. முதலாளி ஆனதில் அவருக்குக் கிடைத்தது பயம் ஒன்றுதான்.

அப்போதுதான் வார்டன் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்சுகள் தங்குகிற விடுதியை நடத்துகிறவர். விடுதி முழுக்க மெத்தை மாற்ற வேண்டும் என்றார். மெத்தைக்காரர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். இறங்கின லோடு அப்படியே காலியாகிவிடும். கூரை கண் முன்னால் வந்து நின்றது. வாய் தானாகவே பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தது: கம்பெனி சொல்வது என்னவென்றால், இந்த மெத்தையில் அடுக்கு அடுக்காக...

அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். "பில்லு யார் பேர்ல போடுவீங்க?"

"என் பேர்லதாங்க."

"அப்ப கம்பெனிய விடுங்க. எங்க பொண்ணுங்க ராத்திரி முழுக்க நின்னு வேலை பாத்துட்டு, பகல்ல வந்து தூங்கறவங்க. வெளிச்சம் இருக்கும், ரோட்டுச் சத்தம் இருக்கும். அதுலயும் படுத்ததும் தூக்கம் வரணும், எழுந்தா முதுகு வலிக்கக் கூடாது. வருமா, வராதா? நீங்க சொல்லுங்க."

வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நானும்தான். ஆனால் கம்பெனி பெயரில் எவ்வளவோ சொன்ன அந்த வாய்க்குத் தன் பெயரில் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாதுங்க. நான் இதுல படுத்ததே இல்ல."

"வீட்ல எதுல படுக்கறீங்க?"

"பாய்லங்க."

வார்டன் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. நாளைக்கு வரேன். தெருக்கோடிக் கடையையும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மெத்தைக்காரர் படுக்க முயற்சி செய்தார். உறையோடு இருந்த ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஒருவழியாக மல்லாந்து, கை இரண்டையும் உடம்போடு ஒட்டி, பிளாஸ்டிக் சரசரக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடந்தார். யாரோ பார்ப்பது போலவே இருந்தது. எழுந்து போய்ப் பாயில் படுத்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், காய் நறுக்குகிற கத்தியோடு உள்ளேயிருந்து வந்தாள் மனைவி. நேராகக் கடையின் நடுவில் கிடந்த மெத்தையிடம் போனாள்.

"ஏங்க, இது யார் சரக்கு?"

"நம்மளுதுதான்."

"காசு யாரு குடுத்தது?"

"நாமதான். அதுக்கு ஏன் கத்தி..."

சர்ரென்று ஒரே இழுப்பு. பிளாஸ்டிக் உறை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வாயைப் பிளந்தது. மெத்தைக்காரரின் கண் தானாக வாசலுக்குப் போனது. அவள் கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கடைத்தெருவே பார்க்கப் படுத்தாள். முதலில் ஒருக்களித்து, பிறகு மல்லாந்து. அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் எப்போதும் இருக்கிற சுருக்கம், அது அவள் முகத்தோடு பிறந்தது என்றே இவர் இத்தனை நாள் நினைத்திருந்தார், மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. "இத்தனை வருஷமா இதையா துடைச்சுத் துடைச்சு வச்சீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இடுப்புவலிக்காரி, பத்துத் தரம் புரண்டால்தான் தூக்கம் வருகிறவள், சொன்ன வாய் மூடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

மெத்தைக்காரர் ஜன்னல் விளிம்பில் இருந்த கத்தியை எடுத்தார். பக்கத்து மெத்தையின் உறையைத் தன் கையாலேயே கீறினார். வார்டன் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே, சும்மா சோதனைக்கு, கண்ணை மூடாமல், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பக்கத்தில் தகரப் பட்டறைக்காரர் சுத்தியலை எடுத்து டணார் டணார் என்று ஆரம்பித்தார். வெளியே லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்தியது. இந்தச் சத்தத்தில் எவனுக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் முகத்தை விட்டு முழங்காலுக்கு நகர்ந்திருந்தது. சுத்தியல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மர நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் அம்மா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக் கடை மாதிரி சாவகாசமாக. மெத்தைக்காரர் துள்ளி எழுந்து செருப்பைத் தேடினார். போச்சு, ஆர்டர் போச்சு, கூரை போச்சு, பட்டப்பகலில் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் தூங்கினால் யார் மதிப்பார்கள்?

வார்டன் அம்மா உதட்டில் விரலை வைத்து, பக்கத்து மெத்தையைக் கண்ணால் காட்டினார். மனைவி இன்னும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா?" என்று கிசுகிசுத்தார் மெத்தைக்காரர்.

"ஆமா. எதிர்த்த பஞ்சர் கடைக்காரர் சொன்னாரு, நடுவுல ஒரு டயர் வெடிச்சுதாம், ரெண்டு பேரும் புரளக்கூட இல்லையாம். நீங்க நல்லாவே குறட்டை விடறீங்க." பிறகு மேஜையைக் காட்டினார். "தண்ணிச் சொம்புக்கு அடியில பணம் வச்சிருக்கேன். ஒரு தலையணை வித்தேன்."

"வித்தீங்களா?"

"ஒருத்தர் வந்து நிக்கறாரு, உங்களை எழுப்ப மனசு வரல. விலை உறையிலயே ஒட்டியிருந்தது. குறைச்சுக் கேட்டாரு. என் சரக்கா என்ன, நான் எப்படிக் குறைக்கறது? என் கையில என்னங்க இருக்கு, அதோ தூங்கறாரே அவரோட விலைன்னு சொல்லிட்டேன்."

மெத்தைக்காரர் ஒரு நிமிஷம் அந்த அம்மாளையே பார்த்தார். தன் நாற்காலி, தன் பேச்சு, இரண்டு கையும் விரித்தபடி அதே மாதிரி. ஆக, இப்போது ஏஜெண்ட் அந்த அம்மாள். அப்படியென்றால் கம்பெனி யார்? அது உறைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி எழுந்துவிடுவாளே என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னவென்று தெரியாமலே வார்டன் அம்மாவும் சிரித்தார்.

"அப்ப உங்களுக்கு நான் கமிஷன் தரணும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கமிஷன் வேணாம். மெத்தைக்கு விலை குறைங்க."

பழக்க தோஷம், இரண்டு கையும் தாமாகவே விரியக் கிளம்பின. பாதி வழியில் நின்றன. மெத்தைக்காரர் அவற்றை மடக்கிக்கொண்டு, யாருக்கும் போன் பண்ணாமல், யோசித்து ஒரு விலை சொன்னார். வார்டன் அம்மா இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார். இவர் கொஞ்சம் மேலே இழுத்தார். பேரம் என்பது இவ்வளவு ருசியான விஷயமா என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"முதுகு?" என்று கடைசியாகக் கேட்டார் அந்த அம்மாள்.

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், இடுப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வலிக்காதுங்க. தூக்கமும் வரும். நான் சொல்றேன். அமுங்கிப் போச்சுன்னா நேரா என்கிட்ட வாங்க, கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்."

வார்டன் அம்மா தலையாட்டிவிட்டு மெத்தைகளை எண்ண எழுந்தார். சுவரோரம் அடுக்கியிருந்ததை எண்ணிவிட்டு நடுவில் வந்து நின்றார். உறை கிழிந்த இரண்டையும் சேர்த்தால்தான் விடுதிக்குச் சரியாக வரும், நீங்கள் படுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். இவர் தான் படுத்திருந்த மெத்தையைத் தட்டிக்கொடுத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மாளின் பார்வை அடுத்ததற்குப் போனது.

"அது மட்டும் இல்லைங்க" என்றார் மெத்தைக்காரர். "அது வித்தாச்சு. உங்களுக்குக் குறையறத அடுத்த லோடுல அனுப்பிடறேன்."

"யாருக்கு வித்தீங்க?"

அவர் தூங்குகிறவளின் காலடியில் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கை மெதுவாக உருவி, சத்தம் வராமல் மடித்துக்கொண்டிருந்தார். வார்டன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அந்தத் தூக்கக்காரி எப்போது விழித்தாள் என்று யாருக்கும் தெரியாது. கண் மூடியபடியே இருந்தது, குரல் மட்டும் வந்தது.

"உங்களுதைக் குடுத்துட்டீங்களே. இன்னிக்கு நீங்க எதுல படுப்பீங்க?"

மெத்தைக்காரர் மடித்த பிளாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாய் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. திரும்பி வார்டன் அம்மாவைப் பார்த்து, "அம்மா, ரெண்டு பாக்கி. ரெண்டையுமே அடுத்த லோடுல அனுப்பறேன்" என்றார்.

பிறகு வாசலுக்குப் போய், தகரப் பட்டறைக்காரரிடம் சுத்தியலைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னார். வீட்டில் தூங்குகிறார்கள் என்றார்.